வண்டிப் பட்டியலில் இல்லாத பெயர்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, "ஐந்தே நிமிடம்" என்று அன்போடு மிரட்டி, இந்த ஒலிவாங்கியை என் கையில் ஒப்படைத்திருக்கும் அவைத் தலைவர், நம் சிறப்புப் பள்ளியின் தாளாளர் ஐயா அவர்களே! எந்தப் பிள்ளை எந்தச் சத்தத்துக்கு அழும் என்பதை ஏட்டைப் புரட்டாமலே எடுத்துச் சொல்லும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! அறிவில் மூத்தவர்களே, வயதில் மூத்தவர்களே, முந்திவந்து மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துவிட்ட கெட்டிக்காரப் பெரியோர்களே! பேசாத பிள்ளையின் பேச்சைக் கண்ணாலேயே கேட்கக் கற்ற தாய்மார்களே! வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, வாயில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "உங்க பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டவர்க்கெல்லாம் விளக்கம் சொல்லியே தொண்டை வறண்ட தந்தைமார்களே! உங்கள் அனைவருக்கும், ஏழு ஆண்டுகளாக இந்தப் பள்ளி வண்டியில் உதவியாளராக இருக்கும், பிள்ளைகள் வாயில் 'வண்டி அக்கா'வாகிப்போன இந்த எளியவளின் வணக்கம்!

வேண்டாம், வேண்டாம், கைதட்ட வேண்டாம். பக்கத்து அறையில் நம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் வழக்கம் தெரியுமல்லவா? கையை உயர்த்தி விரல்களை ஆட்டுங்கள், அது போதும். ஆகா, எத்தனை கைகள்! பள்ளியில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டியில் மூன்று முறை முதல் பரிசு வாங்கியவள் நான். அன்றைக்குக்கூட இத்தனை கைகளைப் பார்த்ததில்லை.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. பள்ளி திறக்கிறது. மற்ற வீடுகளில் பள்ளி திறந்தால் பை வாங்குவார்கள், பெட்டி வாங்குவார்கள், புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கும்? புது வகுப்பறையின் வாசனையை எப்படிப் பழக்குவது? புது ஆசிரியையின் முகத்தை எப்படிப் பழக்குவது? போன வருடம் பிடித்த சட்டை இந்த வருடம் கையைக் கடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஒரு மாதமாக உறங்காத கண்களை நான் இங்கே வரிசை வரிசையாகப் பார்க்கிறேன். அந்தக் கண்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "பெற்றோர்கள் வண்டி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் தயாராக நிற்க வேண்டும்" என்று பேசச் சொல்லி என்னிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இதோ அந்தத் தாள். நல்ல தாள், நல்ல கையெழுத்து. இதை மடித்து மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

தாளாளர் ஐயா நிமிர்ந்து பார்க்கிறார். மன்னியுங்கள் ஐயா. அந்தத் தாளைப் படிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நேற்று மாலை என் கைக்கு இன்னொரு தாள் வந்தது. இந்த ஆண்டுக்கான வண்டிப் பட்டியல். போன ஆண்டு பத்தொன்பது பெயர்கள். இந்த ஆண்டு பதினெட்டு. விடுபட்டது யார்? எங்கள் சின்னவர்! ஒன்பது வயது. சன்னலோரம் முதுகை நிமிர்த்தி, பையை மடியில் வைத்து, கோப்பில் கையெழுத்துப் போடப் போகும் பெரிய அதிகாரியைப் போல் உட்காருவார். அதனால்தான் ஓட்டுநர் அண்ணன் அவருக்குச் 'சின்னவர்' என்று பெயர் வைத்தார். அந்தச் சின்னவரின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டே சொற்கள்: 'பாதுகாப்புக் காரணம்'.

சின்னவரின் அம்மா தையல் ஆலையில் வேலை பார்க்கிறார். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நறுக்கி, பழுது பார்த்து அனுப்பும் வேலை. ஏழரைக்கு ஆலைக் கதவு அடைத்துவிடும். பள்ளி எட்டரைக்கு. ஏழரையையும் எட்டரையையும் ஒரே காலால் தாண்ட எந்தத் தாயால் முடியும்? வீட்டில் வேறு ஆள் கிடையாது. வண்டி இல்லையென்றால் சின்னவருக்குப் பள்ளி இல்லை. இதுதான் இன்றைய செய்தி. அந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்று கேட்கத்தான் நான் இந்த மேடை ஏறினேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு தாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். "வேணாம் அக்கா" என்கிறார். தங்கச்சி, தலையாட்டாதே. ஒரு வருடமாக நீ சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று கேட்கமாட்டேன்.

அவையோரே! போன ஆண்டு பள்ளி திறந்த நாள். அதற்கு முந்தைய ஒரு மாதமாக இந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நீள அட்டையில் படம் படமாக வரைந்தார். முதல் படம், பல் துலக்குவது. அடுத்து, செருப்புப் போடுவது. அடுத்து, வெள்ளை வண்டி. அடுத்து, பள்ளிக் கதவு. கடைசியில் ஒரு நாற்காலி, அதில் சின்னவர். ஆலை முடிந்து வந்த அலுப்போடு, ஒவ்வொரு மாலையும் பிள்ளையைப் பூட்டிய பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டி வந்து, "இதான் கதவு, இதான் கதவு" என்று தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பினார். ஒரு நாளா, இரண்டு நாளா? முப்பது நாள்! கல்லைச் செதுக்குபவன்கூட நடுவில் ஒரு நாள் ஓய்வெடுப்பான். இவர் எடுக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. காலை ஆறு ஐம்பது. சின்னவர் குளித்து, உடுத்தி, அட்டையைக் கையில் பிடித்து வாசலில் நிற்கிறார். வண்டியும் வந்தது. வந்த வண்டி என்ன நிறம்? நீலம்!

வண்டி மாறியது எங்களுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியும், பெட்ரோல் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். வீடுகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வண்டியின் நிறத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தோம். சின்னவர் அட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். படிக்கட்டில் வைத்த காலை எடுத்துவிட்டார். உடம்பு விறைத்துவிட்டது. பின்னால் இரண்டு கார்கள் ஒலி எழுப்புகின்றன. அவர் காதைப் பொத்திக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"ரெண்டே நிமிஷம் குடுங்க அக்கா. உள்ள போய் நீலக் கலர் எடுத்துட்டு வந்து படத்துல அடிச்சுக் காட்டிடறேன். அவன் ஏறிடுவான்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினார். இரண்டு நிமிடம்! ஒரு மாதம் உழைத்தவள் கேட்டது இரண்டு நிமிடம். நான் கொடுத்தேனா? கொடுக்கவில்லை. அடுத்த நிறுத்தம் காத்திருக்கிறது, கார்க்காரன் கத்துகிறான், ஓட்டுநர் அண்ணன் "சீக்கிரம்மா" என்கிறார். என்னிடம் ஒரு சாவி இருந்தது. ஏழு ஆண்டுகளாக எல்லாப் பூட்டையும் திறந்த சாவி. குனிந்து அவர் காதில் சொன்னேன்:

"வா கண்ணு, சித்தி வீட்டுக்குப் போலாம்."

சின்னவர் ஏறிவிட்டார். சித்தி வீடு என்றால் அவருக்கு உயிர். சன்னலோரம் போய் உட்கார்ந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா நீல வண்ணக் குச்சியோடு வெளியே ஓடி வந்தார். பிள்ளை வண்டிக்குள் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். கண் கலங்கி, "ரொம்ப நன்றி அக்கா" என்று என்னைக் கும்பிட்டார். நானும் பெருமையாகத் தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் அந்தச் சாவி தெரியும்தானே? இவனுக்குக் கடற்கரை, அவளுக்குப் பலூன், இன்னொருத்தனுக்கு அத்தை வீடு. "அதுக்கு என்ன புரியப் போவுது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வண்டியில் ஏற்றுகிறோம், ஊசி போட உட்கார வைக்கிறோம், முடி வெட்ட இழுத்துப் போகிறோம். புரியாதாம்! யார் சொன்னது புரியாது என்று? உள்ளதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் நமக்கு நேரம் இல்லை.

வண்டி எட்டுப் பத்துக்குப் பள்ளி வாசலில் நின்றது. திறப்பு நாள் கூட்டம். நடக்க முடியாத ஒரு பிள்ளையை நானும் ஓட்டுநர் அண்ணனும் சக்கர நாற்காலியில் இறக்கி உள்ளே விட்டுத் திரும்பினோம். சன்னலோர இருக்கை காலி. முதலில் உள்ளே போயிருப்பார் என்று நினைத்தேன். வகுப்பில் இல்லை. கழிப்பறையில் இல்லை. மாடிப்படியில் இல்லை. காவல்காரர் பார்க்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஆசிரியர்கள் முதலில் எங்கே ஓடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரை நோக்கி. பள்ளிக்குப் பின்னால் பூங்கா, பூங்காவில் குளம். ஐந்து ஆசிரியைகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள். ஆலைக்குத் தொலைபேசி போனது. எட்டரைக்கெல்லாம் அம்மா வந்துவிட்டார். கழுத்தில் நூல் கத்தரி தொங்குகிறது, கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறார். அழவில்லை. வந்ததும் எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா அவன்கிட்ட யாரு என்ன சொன்னீங்க?"

பாருங்கள், எப்பேர்ப்பட்ட கேள்வி! 'எங்கே பார்த்தீர்கள்' என்று கேட்கவில்லை, 'ஏன் விட்டீர்கள்' என்று கேட்கவில்லை. தன் பிள்ளை சொன்னதைச் செய்யும் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். எல்லாரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா."

அவையோரே, அப்போது நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டேன்! தினம் பத்துப் பொய் சொல்கிறவளுக்கு எது எந்தப் பிள்ளையிடம் சொன்னது என்று நினைவிருக்குமா? அந்தச் சொல் அவ்வளவு லேசாக என் வாயிலிருந்து போயிருந்தது.

வாசலில் நின்ற சிலர் முணுமுணுத்தார்கள். "இந்த மாதிரி பிள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போவுதே, என்ன மனசு!" அது அம்மாவின் காதில் விழுந்தது. அலுவலகத்தில், "வீட்ல தயார்படுத்துனீங்களாம்மா?" என்று கேட்டார்கள். அம்மா அந்த அட்டையைப் பற்றிச் சொன்னார். யாரும் சரியாகக் கேட்கவில்லை. எல்லாருடைய காதும் குளத்துப் பக்கம் இருந்தது.

நான் வண்டிக்குத் திரும்பினேன். கடைசியாக ஒரு சிறுமி இறங்க மறுத்து உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் வாய் தன்பாட்டுக்குப் பேசியது: "அழாத செல்லம், இறங்கு, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்." சொன்ன வேகத்தில் அந்தக் குரல் என் காதில் விழுந்தது. என் குரல்! அதே குழைவு, அதே சிரிப்பு. காலையில் சின்னவரின் காதில் சொன்னது அப்படியே திரும்பி வந்தது. வண்டிப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு நாற்பத்தொன்று.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? தாயே, நான்தான் சொன்னேன், சித்தி வீட்டுக்கு என்று சொன்னேன், அங்கே தேடுங்கள் என்று கதறியிருக்க வேண்டும் அல்லவா? செய்தேனா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, கணக்குப் போட்டது. வேலை போய்விடும். அது மட்டுமா? ஏழு வருடமாக 'வண்டி அக்கா மாதிரி உண்டா' என்று இந்த ஊர் பேசுகிறதே, அந்தப் பெயரும் போய்விடும். ஒருவேளை குளத்தருகே கிடைத்துவிட்டால்? இதோ வந்துவிடுவான், இதோ வந்துவிடுவான் என்று நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது. ஐம்பத்தொன்று. கூட்டத்தின் நடுவே அந்தத் தாய் தன் கழுத்துக் கத்தரியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எட்டு ஐம்பத்துமூன்றுக்கு என் வாய் திறந்தது. பன்னிரண்டு நிமிடம்! காலையில் இரண்டு நிமிடம் தர முடியாதவள், என் வேலையைக் காப்பாற்றப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். நாலு வழிச் சாலையில் ஒரு குழந்தை தனியாக நடக்கப் பன்னிரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பாருங்கள்!

ஐயா மணி அடிக்கிறார். ஐந்து நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது என்று தெரியும் ஐயா. நடுவில் நிறுத்தினால் நான் மறுபடியும் ஒளித்தவளாவேன். நீங்கள் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போகலாமா? சொல்லுங்கள் அம்மாக்களே, போகலாமா? கைகள் ஆடுகின்றன. தொடர்கிறேன்.

அம்மாவைத் தனியே இழுத்துச் சொன்னேன். கன்னத்தில் அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறையவில்லை. முகத்தில் இருந்த ரத்தம் மட்டும் வடிந்துவிட்டது.

"தங்கச்சி வீடு மாறி ரெண்டு மாசம் ஆச்சு அக்கா. புது வீட்ட அவன் பார்த்ததே இல்ல. பழைய வீட்டுக்குத்தான் போயிருப்பான். பள்ளிக்கூடத்துலேர்ந்து அதுக்கு வழி அவனுக்குத் தெரியும்."

"அப்ப வா, அங்க போயிடலாம்."

"அந்த வீட்ட இன்னைக்கு இடிக்கிறாங்க அக்கா!"

ஓட்டுநர் அண்ணனிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன், வண்டி பறந்தது. பாதி வழியில் சிவப்பு விளக்கு. அண்ணன் ஸ்டியரிங்கைக் குத்துகிறார். நானும் சின்னவரின் அம்மாவும் கதவைத் திறந்து குதித்து ஓடினோம். தெருமுனையிலேயே புழுதி தெரிந்தது. இயந்திரத்தின் இரைச்சல் நெஞ்சில் வந்து இடித்தது.

வீட்டின் பின்பாதி தரைமட்டம். முன்பாதி மட்டும் நிற்கிறது, அதில் பூட்டிய கதவு. இடிப்பவர்கள் எல்லாரும் பின்பக்கம். முன்பக்கம் யாரும் இல்லை என்று நினைத்து நடுச்சுவரில் இயந்திரத்தின் கையை வைத்துவிட்டார்கள். முன்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார் எங்கள் சின்னவர்! முதுகு நிமிர்ந்திருக்கிறது. பை மடியில். தலை முழுக்க வெள்ளைப் புழுதி. இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருக்கிறார். கார் ஒலியையே தாங்காத பிள்ளை, வீடு இடியும் சத்தத்துக்கு நடுவே ஏன் உட்கார்ந்திருக்கிறார்? நான் சொன்னேன் அல்லவா, சித்தி வீட்டுக்குப் போகலாம் என்று! கதவு திறக்கும் என்று உட்கார்ந்திருக்கிறார். ஐயோ, என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்!

அம்மா பிள்ளையிடம் ஓடினார். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கத்தினேன். இயந்திரம் ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை. கையை வீசினேன். பார்க்கவில்லை. நடுச்சுவர் ஆடுகிறது. என் கையில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. காலில் இருந்தது. செருப்பைக் கழற்றி இயந்திரத்தின் முன்கண்ணாடியைக் குறிபார்த்து எறிந்தேன். என் வாழ்நாளில் நான் குறி தவறாமல் எறிந்தது அது ஒன்றுதான். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாருடி அவ?" என்று கொதித்து இறங்கி வந்தார். வாழ்க அவர் கோபம்! அந்தக் கோபம் ஒரு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் இன்று இந்தக் கூட்டத்தில் ஒரு தாய் குறைந்திருப்பார், ஒரு பிள்ளையும் குறைந்திருக்கும்.

சத்தம் நின்றது. ஆனால் சின்னவர் எழவில்லை. அம்மா தூக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். விறைத்த உடம்பு அசையவில்லை. சுவரோ இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போட்ட முடிச்சு அக்கா. நீங்களே வந்து அவுத்து விடுங்க."

செங்கல் கூளத்தில் மண்டியிட்டேன். அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்தேன். "கண்ணு, வண்டி அக்கா பொய் சொல்லிட்டேன். சித்தி இங்க இல்ல. இந்தக் கதவு திறக்காது. நாம பள்ளிக்கூடம்தான் போகணும். தப்பு என்னுது." அவ்வளவுதான் சொன்னேன். சின்னவர் காதிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். பளார் என்று ஓர் அறை! பிறகு எழுந்தார், பையை மாட்டினார், பின்னாலேயே வந்து நின்றிருந்த வண்டியில் தானாக ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அடுத்ததைக் கேளுங்கள், சிரிப்பு நின்றுவிடும். மதியம் அலுவலகத்தில் அறிக்கை எழுதினார்கள். என் கன்னத்தில் ஐந்து விரல் சிவந்திருந்தது. "யாரு அடிச்சது?" என்றார்கள். "அவன்தான்" என்றேன். எழுதினார்கள்: 'வீட்டில் முறையாகத் தயார்ப்படுத்தப்படவில்லை. மாணவர் வழிதவறிச் சென்றார். மீட்கச் சென்ற பணியாளரைத் தாக்கினார்.' கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியை எழுதிய தாளில் பாவத்தின் கையெழுத்து இருக்கிறது.

மறுநாள் அம்மாவிடம் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க போயிட்டா வேற ஆளு வரும். இன்னொரு முகத்த அவனுக்கு நான் மொதல்லேர்ந்து பழக்கணும். முடியாது அக்கா. விட்டுடுங்க." என் வசதிக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. பிடித்துக்கொண்டேன். அன்று முதல் வண்டி வாசலில் நான் எந்தப் பிள்ளையிடமும் பொய் சொல்லவில்லை. "பள்ளிக்கூடம்தான் போறோம். உனக்குப் பிடிக்கலன்னு தெரியும். ஆனாலும் போறோம்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினேன். முதல் மாதம் வண்டி தினமும் தாமதம், தினமும் எனக்குத் திட்டு. நான்கு மாதம் சின்னவர் என் கையைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துத்தான் ஏறினார். அதையெல்லாம் பிராயச்சித்தம் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அந்த அறிக்கை மட்டும் கோப்புக்குள் உயிரோடு இருந்தது. ஒரு வருடம் கழித்து வெளியே வந்து, சின்னவரின் பெயரை விழுங்கிவிட்டது.

தாளாளர் ஐயா! தலைமையாசிரியை அம்மா! இந்த அவையின் முன் சொல்கிறேன். தாய் தயார்ப்படுத்தினாள், நான் கெடுத்தேன். பிள்ளை வழிதவறவில்லை, நான் சொன்ன வழியில் சரியாகப் போனான். பிள்ளை தாக்கவில்லை, நியாயம் கேட்டான். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் மேசைமேல் வைக்கிறேன். அந்த அறிக்கையில் தாயின்மேல் எழுதியதை அடியுங்கள். பட்டியலில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.

மூன்றாவது வரிசையில் சின்னவரின் அம்மா எழுந்து நிற்கிறார். பேசு தங்கச்சி. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நான் திருப்பிச் சொல்கிறேன். "விட்டுடுங்கன்னு சொன்னது நெஜம்தான். ஆனா என் மேல எழுதினத ஒரு நாள்கூட மறக்கல. பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்போதெல்லாம் தலைய நிமிர்த்த முடியல. அக்கா இருந்தாலும் சரி, போனாலும் சரி. எம்மேல எழுதினத அழிங்க. எம்புள்ளைய ஏத்துங்க." கேட்டீர்களா? என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்கு வேண்டியதுதான்.

என்னைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா. வேலையை விட்டு அனுப்புவதென்றால் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இப்போதே சொல்லுங்கள். திங்கள் காலையில் கதவு திறந்து புது முகம் நின்றால், பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் அது இன்னொரு நீல வண்டி. அவர்களைப் பழக்க இந்த வீடுகளுக்கு இரண்டு நாளாவது வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாயும் கேட்பது அதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு அற்புதம் செய்யுங்கள் என்றா கேட்கிறார்கள்? மாறப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஆசிரியை மாறினால் சொல்லுங்கள், அறை மாறினால் சொல்லுங்கள், வண்டி மாறினால் சொல்லுங்கள்! அந்த ஒரு சொல்லுக்குக்கூட வழியில்லாமல் எதற்கு இந்த மேடை, எதற்கு இந்த மாலை, எதற்கு இத்தனை பேச்சு?

தாளாளர் ஐயாவும் தலைமையாசிரியை அம்மாவும் தலைசாய்த்துப் பேசுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தலைமையாசிரியை அம்மா எழுந்து வருகிறார்கள். பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். எழுதுகிறார்கள். எனக்குக் காட்டுகிறார்கள். பத்தொன்பது. பத்தொன்பதாவது சின்னவர்! அறிக்கையைத் திருத்தி, தாயின் கையில் ஒரு நகல் தருகிறோம் என்கிறார்கள். தங்கச்சி, உட்காராதே, நிமிர்ந்து நில். எல்லாரும் உன்னைப் பார்க்கட்டும்.

என்னைப் பற்றிக் கேட்டேன். "குழு கூடித்தான் முடிவு பண்ண முடியும். நாளைக்குச் சாயந்தரம் சொல்றோம்" என்கிறார்கள். சரி அம்மா. நியாயமான பதில்தான்.

அப்படியானால், அவையோரே, எனக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. பக்கத்து அறையில் சின்னவர் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் படியிறங்கி நேராக அவரிடம் போகிறேன். "கண்ணு, வண்டியில உன் இடம் இருக்கு. நான் இருப்பனான்னு தெரியல" என்று சொல்லப் போகிறேன். அவருக்குக் கோபம் வரும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். 'கட்டாயம் வருவேன்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துவிடுவார். அந்த வார்த்தை இப்போதே என் நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது. சொல்லமாட்டேன். ஏழு ஆண்டுகளில் ஒரு பிள்ளையிடம் 'எனக்குத் தெரியாது' என்று நான் சொல்லப்போவது இதுதான் முதல் தடவை.

ஐந்து நிமிடத்தை அரைமணியாக்கிய என்னைப் பொறுத்துக்கொண்ட அவைத் தலைவருக்கும், கோட்டை அழித்துப் பெயரை எழுதிய பேனாவுக்கும், எழுந்து நின்று எனக்கு உண்மையைச் சொன்ன தாய்க்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து அடங்க வேண்டிய இடத்தில் அடங்கிய உங்கள் அனைவருக்கும் என் நன்றி. புது ஆண்டு உங்கள் பிள்ளைகளுக்கு நல்லபடியாகத் திறக்கட்டும். வழிவிடுங்கள், அந்த அறைக்குப் போக வேண்டும். வணக்கம்!